ஆயர் இல்ல நூலகம்: ஒரு கனவும் சில கடமைகளும்

முன்னுரை

சிறையிலிருந்து எழுதும் முதிய அப்போஸ்தலர், தம் இளைய உடன் ஊழியரிடம் கேட்கும் பொருள்கள் மூன்று. துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கி, புத்தகங்கள், சிறப்பாகத் தோற்சுருள்கள் (2 தீமோ. 4:13). மாரிக்காலம் நெருங்குவதால் மேலங்கி தேவைப்படுகிறது. ஆனால் தம் ஓட்டத்தை முடித்துவிட்டதாகச் சற்று முன்னரே கூறிய ஒருவருக்குப் புத்தகங்கள் எதற்கு? இத்திருமுகத்தின் ஆசிரியர் எவர் என்பதுபற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவர் எழுதியிருப்பினும், முதல் நூற்றாண்டுகளின் திருச்சபை தன் முதன்மை ஊழியரை இறுதிவரை வாசிக்கும் மனிதராகவே எண்ணிப் பார்த்தது என்பது தெளிவு. அப்புத்தகங்கள் அவர் கையில் இல்லை என்பதும், அவை வேறோர் ஊரில் பிறர் இல்லத்தில் தங்கிவிட்டன என்பதும் நம் கவனத்துக்குரியவை. ஊர் விட்டு ஊர் செல்லும் ஊழியரின் நூலகத்துக்கு அன்றே நேர்ந்த சிக்கல் அது.

இல்ல நூலகம் என்றவுடன் நம்மில் பலர் கூரைவரை உயர்ந்த தேக்கு அலமாரிகளையும், தோல் அட்டையிட்ட தொகுதிகளையும், சாய்வு நாற்காலியையும் கற்பனை செய்கிறோம். இலண்டன் மாநகரில் ஊழியம் செய்த ஸ்பர்ஜனிடம் ஏறத்தாழப் பன்னிரண்டாயிரம் நூல்கள் இருந்தன. நம் குருமனைகளின் நிலை வேறு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றம் வருகிறது. மழை ஒழுகும் அறையும், கறையான் ஏறும் சுவரும், மாத இறுதியில் மிஞ்சாத ஊதியமும் நம் சேகரங்களின் நடைமுறை. இச்சூழலில் வாழும் ஆயருக்கும், நாளை ஆயராகவிருக்கும் மாணவருக்கும் உகந்த இல்ல நூலகம் எத்தகையது? அதைச் சேர்ப்பது எவ்வாறு? அஃது எவருக்குரியது? இம்மூன்று வினாக்களை இக்கட்டுரையில் ஆராய விழைகிறோம்.

1. நூல் சேர்த்தல்: ஆசையா, ஊழியமா?

நூல் சேர்ப்பதும் ஒருவகைப் பொருளாசையே என்று கூறுவோர் உண்டு. இக்கூற்றை நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. வாங்கிய நூலைத் திறவாமல் அடுக்கிவைப்பதும், பிறர் கண்டு வியக்கும்படி வரவேற்பறையில் காட்சிக்கு வைப்பதும், இரவல் கேட்டவருக்கு முகம் சுளிப்பதும் பொருளாசையின் அடையாளங்களே. புத்தகங்கள் உண்டாக்குவதற்கு முடிவில்லை என்று சபைஉரையாளர் எச்சரித்ததும் நமக்காகவே.

பண்டைத் திருச்சபையின் வரலாற்றில் இவ்வினாவைத் தெளிவாக்கும் நிகழ்ச்சிகள் இரண்டு உள. அலெக்சாந்திரியாவின் ஓரிகன் இளமையில் இலக்கணமும் இலக்கியமும் கற்பித்துப் பிழைத்தவர். திருமறைப் பணிக்கெனத் தம்மை முழுதும் ஒப்படைத்தபோது, தம்மிடமிருந்த பண்டை இலக்கியப் பிரதிகளை ஒருவருக்கு விற்றுவிட்டு, அவரிடம் நாளொன்றுக்கு நான்கு ஓபல் காசுகள் மட்டும் பெற்று வாழ்ந்தார் என்று யூசேபியஸ் எழுதுகிறார். பிறரைச் சார்ந்து வாழாதிருக்க அவர் கண்ட வழி அது.

அவருக்குப் பின் பாலஸ்தீனத்துச் செசரியாவில் பம்பிலஸ் என்னும் மூப்பர் வாழ்ந்தார். அவர் ஓரிகனின் நூல்களைத் தேடித் திரட்டினார். பலவற்றைத் தம் கையாலேயே படியெடுத்தார். திருமறைப் பிரதிகளை ஆயத்தமாக வைத்திருந்து, வாசிக்க விரும்பிய ஆடவருக்கு மட்டுமன்றிப் பெண்களுக்கும் இரவலாகவும் அன்பளிப்பாகவும் வழங்கினார் என்று யூசேபியஸ் கூறியதாக எரோனிமு தெரிவிக்கிறார். கி.பி. 310ஆம் ஆண்டளவில் பம்பிலஸ் இரத்தசாட்சியாக மரித்தார். அவர் திரட்டிய நூல்கள் இல்லையேல், யூசேபியஸ் தம் திருச்சபை வரலாற்றை எழுதியிருத்தல் அரிது.

ஒருவர் ஊழியத்துக்காக நூல்களை விற்றார். மற்றவர் ஊழியத்துக்காக நூல்களைச் சேர்த்தார். இருவருள் எவரையும் நாம் குறைகூற இயலாது. நூலை விற்பதோ சேர்ப்பதோ தன்னளவில் அறமும் அன்று, பிழையும் அன்று. நூல் எதை நோக்கி நகர்கிறது என்பதே அளவுகோல். தன்னை நோக்கி நகர்வது உடைமை; பிறரை நோக்கி நகர்வது ஊழியம். இந்த அளவுகோலைக்கொண்டே நாம் நம் கனவு நூலகத்தை அமைத்தல் வேண்டும்.

2. தரங்கம்பாடி கற்பிக்கும் பாடம்

தமிழகத்தில் சீர்திருத்தத் திருச்சபையின் முதல் இல்ல நூலகம் எதுவென வினவினால், தரங்கம்பாடியில் சீகன்பால்க் திரட்டியதையே நாம் சுட்ட வேண்டும். 1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் கரையிறங்கிய அவர், இரண்டே ஆண்டுகளில் தம்மிடமிருந்த தமிழ்ச் சுவடிகளுக்கு விளக்க அட்டவணை ஒன்று எழுதிவிட்டார். 1708ஆம் ஆண்டின் அவ்வட்டவணையில், கிறிஸ்தவ நூல்களும் இசுலாமிய நூல்களும் நீங்கலாக, 119 தமிழ் நூல்கள் இடம்பெறுகின்றன. திருக்குறளும் அவற்றுள் ஒன்று. ஒவ்வொன்றும் எதைப் பற்றியது, மக்கள் அதை எவ்வாறு மதிக்கின்றனர் என்ற குறிப்புகளையும் அவர் எழுதினார். உலகநீதி, கொன்றை வேந்தன், நீதிவெண்பா ஆகிய மூன்றையும் அதே ஆண்டில் செருமானிய மொழியில் பெயர்த்தார்.

அச்சு நூல்கள் கடையில் கிடைக்கும் காலமன்று அது. தம் எழுத்தர்களை உள்நாட்டுக்கு நெடுந்தொலைவு அனுப்பி, மறைந்த பிராமணர்களின் மனைவியரிடமிருந்து ஏடுகளை வாங்கச் செய்ததாக அவரே எழுதியுள்ளார். கற்றவர் ஒருவர் மறைந்ததும் அவர்தம் ஏடுகள் வீட்டாருக்குப் பயனற்றுப்போகும் நிலையை இச்செய்தி காட்டுகிறது. அந்நிலை இன்னும் முற்றிலும் மாறவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

சீகன்பால்க் தம் அயலாரின் நூல்களைத் தாக்குவதற்காகவே சேர்த்தார் என்று கூறுவது முழு உண்மையன்று. மறுப்பு எழுதும் நோக்கம் அவருக்கு இருந்தது. ஆனால் வாசிக்க வாசிக்க, தம் நாட்டார் இம்மக்களைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணம் தவறானது என்று அவர் உணர்ந்தார். தென்னிந்தியத் தெய்வங்களின் மரபுவழி பற்றி 1713ஆம் ஆண்டில் அவர் எழுதி முடித்த பெருநூல் ஆலே நகருக்குச் சென்றது. அங்கிருந்த பிராங்கே, மிஷனெரிகள் அனுப்பப்பட்டது புறமதத்தை வேரறுப்பதற்கேயன்றி அதனை ஐரோப்பாவில் பரப்புவதற்கன்று என்னும் பொருள்பட மறுமொழி கூறினார். நூல் அச்சேறவில்லை. சீகன்பால்க் 1719இல் தம் முப்பத்தாறாம் வயதில் மறைந்தார். அந்நூல் சென்னையில் அச்சாகி வெளிவந்தது 1867ஆம் ஆண்டில்தான். எந்த நூல் நம் அலமாரிக்குத் தக்கது என்று முடிவு செய்பவர் தொலைவிலிருப்பவராயின், இறையியலுக்கு எத்தகைய இழப்பு நேரும் என்பதற்கு அந்த 154 ஆண்டுகள் சான்று.

3. ஐந்து தட்டுகள் கொண்ட ஓர் அலமாரி

இனி நம் கனவுக்கு உருவம் கொடுப்போம். மூன்றடி அகலமும் ஐந்து தட்டுகளும் உடைய ஓர் அலமாரியைக் கற்பனை செய்க. மொத்தம் பதினைந்து அடி நீளம். ஓர் அடிக்குப் பத்து நூல்கள் என்று கொண்டால் நூற்றைம்பது நூல்கள். நூலொன்று அரைக் கிலோ எடையெனில் மொத்தம் எழுபத்தைந்து கிலோ. நான்கைந்து அட்டைப் பெட்டிகளில் அடங்கும் இந்நூலகம் எந்த இடமாற்றத்தையும் தாங்கும். இடம்பெயரும் ஊழியருக்கு இவ்வெல்லை குறையன்று. புதிய நூல் ஒன்று உள்ளே வரும்போது பழைய நூல் ஒன்று எவர் கைக்குச் செல்ல வேண்டும் என்று எண்ணத் தூண்டுவதால் அது நன்மையே.

முதல் தட்டு திருமறைக்குரியது. ஒரே மொழிபெயர்ப்பை மட்டும் வைத்திருத்தல் போதாது. 1871ஆம் ஆண்டில் முழுமையாக வெளிவந்த ஐக்கியத் திருப்புதலின் வழிவந்த, சபையார் கையிலுள்ள பதிப்பும், 1995ஆம் ஆண்டில் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பும் அருகருகே இருத்தல் வேண்டும். இயலுமாயின் பப்ரிசியுவின் மொழிபெயர்ப்பையும் தேடிப் பெறுக. ஒரே வசனத்தை மூன்றிலும் ஒப்பிட்டு வாசிப்பவர், மொழிபெயர்ப்பு என்பதே ஒரு விளக்கவுரை என்பதைத் தாமே உணர்வர். எபிரேய, கிரேக்க மூலங்களும், சொல்லடைவும், திருமறை அகராதியும், நம்பத்தக்க விளக்கவுரைகள் சிலவும் இத்தட்டை நிறைவு செய்யும்.

இரண்டாம் தட்டு திருச்சபையின் நினைவு. அகுஸ்தீன், லூத்தர், கால்வின், வெஸ்லி, பார்த், போன்காபர் ஆகியோரைப் பற்றிய நூல்களைவிட அவர்கள் எழுதிய நூல்களே முதன்மை பெறட்டும். அவர்களோடு நம் மண்ணின் சிந்தனையாளரும் நிற்றல் வேண்டும். பக்தி நெறியில் கிறிஸ்தவத்தை விளக்கிய ஏ. ஜே. அப்பாசாமி, கிறிஸ்துவை அவதாரமாக ஆராய்ந்த சக்கரை, செஞ்சையா முதலியோர் 1938இல் வெளியிட்ட கிறிஸ்தவ மறுசிந்தனைத் தொகுப்பு, 1981ஆம் ஆண்டில் அரவிந்து நிர்மல் பெங்களூரில் ஆற்றிய உரையோடு வலுப்பெற்ற தலித் இறையியல் ஆகியவை அயல்நாட்டு நூல்களுக்கு அடுத்த வரிசையில் அன்று, அதே வரிசையில் இடம்பெறத் தக்கவை.

மூன்றாம் தட்டு தமிழுக்கும் அயலாரின் மறைகளுக்கும் உரியது. திருக்குறள், திருவாசகம், நாலாயிர திவ்வியப் பிரபந்தம், சித்தர் பாடல்கள், குர்ஆனின் தமிழாக்கம் ஆகியவற்றோடு, பெத்லகேம் குறவஞ்சியும், 1894இல் வெளியான இரட்சணிய யாத்திரிகமும் அங்கு இருத்தல் வேண்டும். திருக்குறளை 1886இலும் திருவாசகத்தை 1900இலும் ஆங்கிலத்தில் வெளியிட்ட போப் ஐயரும் ஆயரே என்பதை மறவாதிருப்போம். நல்ல அகராதி ஒன்றும் இங்குத் தேவை. பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் ஆறு தொகுதிகளுக்கு இடமில்லையெனில், 1992இல் முதற்பதிப்பு கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி அருளுரை ஆயத்தத்துக்குப் பெருந்துணையாகும்.

நான்காம் தட்டு மனிதரையும் சமுதாயத்தையும் அறிவதற்கு. அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட சாதி ஒழிப்பு நூலை வாசியாமல் தமிழகச் சேகரம் ஒன்றில் திருவிருந்து பரிமாறும் ஆயர், தம் முன் முழந்தாட்படியிடுவோரின் வரலாற்றை அறியாமலே பரிமாறுகிறார். நிலம், கூலி, நீர், கல்வி, உடல்நலம், அடிப்படைச் சட்டம் ஆகியவை பற்றிய எளிய நூல்களும், புதினங்களும் சிறுகதைகளும் இங்கு இருக்கட்டும். துயருற்றோரின் உள்ளத்தை அறிய நல்ல புதினமும் உதவும்.

ஐந்தாம் தட்டைப் பற்றித் தனியே கூறுதல் வேண்டும்.

4. எவரும் சேர்க்காத தாள்கள்

செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். அவர் தம் வாழ்நாள் முழுதும் பழந்தமிழ் நூல்களைத் தேடிச் சேர்த்தார். பேரிலக்கியங்களோடு மட்டும் அவர் நிற்கவில்லை. சிறு பாட்டுப் புத்தகங்கள், நாடக அறிவிப்புகள், அழைப்பிதழ்கள் முதலியவற்றையும் பேணினார். 1992ஆம் ஆண்டு அவர் மறைந்தபின் சிக்காகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பைப் பெற்றது. 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. பெருநூல்களின் பிரதிகள் வேறு இடங்களிலும் கிடைக்கக்கூடும். குப்பையெனப் பிறர் வீசிய சிறு தாள்களே அத்தொகுப்பின் தனிச் செல்வமாயின.

நம் சபைகளிலும் இத்தகைய தாள்கள் உள. ஆலய நூற்றாண்டு மலர், அசனப் பண்டிகை அறிவிப்பு, நற்செய்திக் கூட்டப் பாட்டுப் புத்தகம், பெண்கள் ஐக்கியச் சங்கத்தின் கையெழுத்து நடவடிக்கைக் குறிப்பு, உபதேசியாரின் நாட்குறிப்பு, வாசகசாலைக்கெனத் தட்டச்சுச் செய்த நாடகம் ஆகியவை எந்தப் பல்கலைக்கழக அட்டவணையிலும் இடம்பெறுவது அரிது. மிஷனெரிகளின் மடல்கள் ஆலேயிலும் இலண்டனிலும் பாதுகாப்பாக உள்ளன. அவர்களோடு நடந்த உபதேசியார், வேதாகமப் பெண்மணி, பள்ளி ஆசிரியை ஆகியோர் எழுதியவை எங்கே? அவற்றை வைத்திருந்த வீடுகள் இடிக்கப்படும்போது அவையும் மறைகின்றன. வருங்கால வரலாற்றாசிரியர் அயல்நாட்டார் எழுதியவற்றை மட்டும் கொண்டே நம் சபைகளின் வரலாற்றை எழுத நேரிடும். ஒடுக்கப்பட்ட மக்களின் நம்பிக்கை வரலாறு பெரிதும் வாய்மொழியிலும் இத்தகைய தாள்களிலுமே தங்கியிருப்பதால், இழப்பு அவர்களுக்கே மிகுதி. பரட்டை எனப் பெயர் பூண்ட தியாபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையில் ஆக்கிய வழிபாட்டுப் பாடல்களை நாம் போற்றுகிறோம். அவர்போல் புகழ் பெறாத கிராமத்துப் பாவலர் எத்துணைப் பேர்!

ஆகவே ஐந்தாம் தட்டை ஆயர் தாம் பணிபுரியும் சேகரத்துக்கு ஒதுக்கிவைத்தல் வேண்டும். முதியவர் பாடும் பாட்டை எழுதிக்கொள்வதும், பாடியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைக் குறிப்பதும் நூல் சேர்த்தலே. இத்தட்டு மட்டும் இடமாற்றத்தின்போது ஆயருடன் செல்லலாகாது. அது சேகரத்தின் உடைமை. செல்லும்போது பட்டியலிட்டு அடுத்த ஆயரிடம் ஒப்படைத்தல் நேர்மை.

5. பெறுதலும் பேணுதலும்

நூற்றைம்பது நூல்களையும் ஒரே நாளில் வாங்க இயலாது, வாங்கவும் கூடாது. திங்களுக்கு ஒரு நூல் எனில் பன்னிரண்டரை ஆண்டுகளில் அலமாரி நிறையும். வாங்கிய நூலை வாசித்த பின்னரே அடுத்ததை வாங்குவது என்ற ஒழுங்கு, பொருளாசைக்குக் கடிவாளம். நிறைய நூல்களை மேலோட்டமாகப் புரட்டுவதினும், உள்ள சிலவற்றை முற்றக் கற்பதே மேல் என்று வறிய ஊழியருக்கு ஸ்பர்ஜன் அறிவுரை கூறினார். அவர்தம் மனைவி சூசன்னா, நூல் வாங்க வழியற்ற போதகர்களுக்கெனத் தாம் சேமித்திருந்த காசுகளைக் கொண்டு 1875ஆம் ஆண்டில் நூறு பிரதிகளை அனுப்பத் தொடங்கினார். அதுவே புத்தக நிதியாக வளர்ந்தது. நம் சேகரங்களும் மறைமாவட்டங்களும் ஊழியரின் ஊதியத்தோடு நூற்படியும் வழங்கினால் அது செலவாகாது. அதன் பயனை ஒவ்வொரு ஞாயிறும் சபையே அடையும்.

பேணுவதற்குச் சில எளிய முறைகள் உள. அலமாரியைச் சுவரை ஒட்டி வையாமல் மூன்றங்குலம் தள்ளி வைக்க. கால்கள் தரையில் நேரே படாதவாறு கல்லின்மேல் நிறுத்துக. வெயில் நேரே படும் சன்னலருகில் வையற்க. நம் முன்னோர் ஏடுகளிடையே வேப்பிலையும் வசம்பும் இட்டனர். அவை இராமபாணப் பூச்சியை ஓரளவு தடுக்கும். ஆயினும் திங்களுக்கு ஒருமுறை நூல்களை எடுத்துத் தூசு தட்டிப் புரட்டுவதே சிறந்த காப்பு. கிழிந்த பக்கத்தைப் பிசின் நாடாவால் ஒட்டுவது நன்றன்று. சில ஆண்டுகளில் அது தாளை மஞ்சளாக்கி நொறுங்கச் செய்யும். மெல்லிய தாளும் மாவுப் பசையும் போதும். பசை நன்கு உலர்ந்த பின்னரே நூலை மூடுக.

கைபேசியில் ஆயிரம் நூல்கள் அடங்கும் இந்நாளில் அலமாரி எதற்கு என்ற வினா எழலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகமும் செய்துவரும் தொண்டு அளவிடற்கரியது. பழைய நூல்களுக்கு அவற்றையே நாடலாம். அலமாரியில் இடம் மிஞ்சும். ஆனால் எவரேனும் தாளைப் பேணியிருந்தாலன்றி மின்வடிவம் பிறக்க வழியில்லை. மேலும், குருமனைக்கு வரும் சிறுமியின் கண்ணில் கைபேசிக்குள் இருக்கும் நூல் படுவதில்லை.

6. திறந்த அலமாரி

யாழ்ப்பாணத்தில் கே. எம். செல்லப்பா என்பவர் 1933ஆம் ஆண்டில் தம் இல்லத்திலிருந்து நூல்களை இரவல் வழங்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது வாடகை அறை ஒன்றுக்குப் பெயர்ந்தது. ஊரார் உழைப்பால் யாழ்ப்பாணப் பொது நூலகமாக வளர்ந்தது. 1981ஆம் ஆண்டு சூன் முதல் நாளையொட்டிய இரவில் அது எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. ஒரு மக்களை அவமதிக்க விரும்புவோர் அவர்களுடைய நூல்களைத் தேடி எரிக்கின்றனர். எரேமியாவின் சுருளைக் கத்தியால் அறுத்துக் கணப்பில் எறிந்த யோயாக்கீமும் இதையே செய்தான். ஆயினும் பாரூக் மீண்டும் எழுதினான் (எரே. 36:32). யாழ்ப்பாணத்தாரும் மீண்டும் கட்டினர்.

ஒரு வீட்டின் அலமாரி ஒரு நகரத்தின் நூலகமாகக் கூடும் என்பதே இவ்வரலாற்றில் நாம் ஊன்றிக் காணத்தக்கது. இரவல் பதிவேடு ஒன்றும், ஞாயிறு ஆராதனைக்குப்பின் ஒரு மணி நேரமும் ஒதுக்கினால் குருமனை அத்தகைய தொடக்கமாகலாம். சில நூல்கள் திரும்பிவாரா. ஆண்டுக்கு ஐந்து நூல்கள் திரும்பாமற்போயினும், அவை எவரோ ஒருவர் வீட்டில் வாசிக்கப்பட வாய்ப்புண்டு. பூட்டிய அலமாரியில் அந்த வாய்ப்பும் இல்லை.

முடிவுரை

நூலகத்தைத் தொடங்குவதைப்பற்றி எண்ணும் நாம், அதன் முடிவைப்பற்றி எண்ணுவதில்லை. ஸ்பர்ஜன் 1892இல் மறைந்தபின், அவர் நூல்களில் ஏறத்தாழ ஆறாயிரம் 1906இல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு விற்கப்பட்டன. அவை தேம்ஸ் நதிக்கரைக்குத் திரும்பவேயில்லை. நம் நாட்டில் ஆயர் ஒருவர் மறைந்தால், குருமனையை விரைந்து காலி செய்யவேண்டிய துணைவியார், எதை எவரிடம் கொடுப்பது என்று அறியாமல் எடைக்குப் போடுகிறார். குற்றம் அவருடையதன்று. சொல்லாமற் சென்றவரே அதற்குப் பொறுப்பு.

கி.பி. 430இல், ஊரை வந்தலர் முற்றுகையிட்டிருக்க, இப்போ நகரில் அகுஸ்தீன் உயிர்நீத்தார். எழுதிவைக்கத்தக்க சொத்து எதுவும் இல்லாமையால் அவர் உயில் எழுதவில்லை. ஆனால் சபையின் நூலகத்தையும் நூல்கள் அனைத்தையும் பின்வருவோருக்காகக் கவனமாகப் பேண வேண்டும் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கட்டளையிட்டார் என்று பொசிதியு எழுதுகிறார்.

ஆகவே ஊழியர் ஒவ்வொருவரும் இவ்வாரமே ஒரு குறிப்பேட்டை எடுத்து, தம்மிடமுள்ள நூல்களின் பட்டியலை எழுதுமாறு வேண்டுகிறோம். நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு ஆகியவற்றின் எதிரே, தமக்குப் பின் அஃது எவரிடம் சேர வேண்டும் என்பதையும் எழுதுக. சில இறையியல் கல்லூரிக்கும், சில சேகரத்துக்கும், சில இளைய ஊழியர் ஒருவருக்கும் செல்லலாம். கையொப்பமிட்டு, அக்குறிப்பேடு இருக்கும் இடத்தை இல்லத்தாரிடம் தெரிவித்துவிடுக. அலமாரி இன்னும் வாங்காத மாணவரும், முதல் நூலை வாங்கும் நாளிலேயே இப்பட்டியலைத் தொடங்கலாம்.